வீட்டுக்கு எந்தக் காபி, பரிசுக்கு எந்தக் காபி?

வீட்டில் தரமான காபி குடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவருக்கு இன்று வழிகள் பல. கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடை ஊரிலேயே இருக்கிறது. ஒரே தோட்டத்தில் விளைந்த கொட்டையை, வறுத்த தேதியை அச்சிட்டுக் கூரியரில் அனுப்பும் புதிய ரோஸ்டர்கள், அதாவது கொட்டையை வறுத்து விற்போர், இருக்கிறார்கள். அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தால் வடிக்கும் மோகா பாட், உயர் அழுத்தத்தில் வடிக்கும் எஸ்பிரெஸோ இயந்திரம், ஒரு வேளைப் பொடியை அடைத்த கேப்ஸ்யூல் என்று சாதனங்களும் குவிந்திருக்கின்றன. விலை ஏற ஏறச் சுவையும் ஏறும் என்ற எண்ணத்தில் இவற்றை வரிசைப்படுத்துவோர் உண்டு. காபியைப் பொறுத்தவரை அந்த வரிசை பெரும்பாலும் பிழையாகவே முடிகிறது. குடிப்பவர் பால் சேர்ப்பவரா, கொட்டையை அரைக்க வீட்டில் என்ன இருக்கிறது, வாங்கிய பொருள் எத்தனை நாளில் தீரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் விலைப்பட்டியலைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. பரிசாகக் கொடுப்பதற்கும் இதே கேள்விகள்தாம். ஆனால் விடை நம் வீட்டுடையது அன்று, பெறுகிறவர் வீட்டுடையது என்பதால் முடிவு வேறாக அமையும்.

முதலில் பால். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் காபி என்றாலே டிகாக்ஷனோடு காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்ந்ததுதான். இதற்கு வேண்டியது, பாலின் இனிப்பையும் கொழுப்பையும் மீறி நாக்கில் நிற்கக்கூடிய கெட்டியான, சற்றுக் கசப்பு ஓங்கிய டிகாக்ஷன். உலகச் சந்தையில் உயர்தரம் என்று போற்றப்படும் கொட்டைகளின் பெருமையோ, பல வேளைகளில் அவற்றின் மெல்லிய புளிப்பிலும் மலர், பழ வாசனையிலும் இருக்கிறது. எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே கொட்டையை லைட் ரோஸ்ட்டாக வறுத்துப் பால் சேர்க்காமல் வடித்தால் எலுமிச்சை வாசனையும் மல்லிகை வாசனையும் எழும். அதே வடிநீரில் அரை டம்ளர் சூடான பாலை ஊற்றினால் வாசனை அடங்கி, பொருந்தாத ஒரு புளிப்பு மட்டும் மிஞ்சும். 2004ஆம் ஆண்டு பனாமா நாட்டுப் போட்டியொன்றில் எஸ்மெரால்டா தோட்டத்தின் கெய்ஷா கொட்டை முதலிடம் பெற்றதிலிருந்து அந்த ரகத்துக்கு ஏறிய விலையும் இந்த மலர் வாசனைக்கான விலைதான். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவர் அந்த விலையைக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பால் காபி தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. அதற்கென்று வேறு கொட்டை, வேறு வறுப்பு, வேறு கலவை இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பதும் தேர்ச்சி வேண்டும் வேலைதான்.

அந்தத் தேர்ச்சி நம் ஊர்ப் பொடிக் கடையின் விலைப் பலகையிலேயே அடங்கியிருக்கிறது. 'பிளாண்டேஷன் ஏ' என்று எழுதியிருந்தால், பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா (காபியின் இரு முக்கிய இனங்களில் மென்மையானது; மற்றொன்று கசப்பும் கனமும் கூடிய ரோபஸ்டா) என்று பொருள். ஏ, பி, சி என்பவை கொட்டையின் பருமனைக் குறிக்கும் தரப்பிரிவுகள். 'செர்ரி' என்றால் பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி மேலோட்டை நீக்கியது. கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்கு 'பார்ச்மெண்ட்' என்று பெயர். 'பீபெரி' என்பது, பழத்துக்குள் இரண்டு விதைகள் முகம் ஒட்டி வளர்வதற்குப் பதிலாக ஒரே விதை உருண்டையாக வளர்ந்தது. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருளும் என்ற நன்மை அதற்கு உண்டு. ஆயினும் அதே தோட்டத்தின் நல்ல பிளாண்டேஷன் ஏ கொட்டையைவிட அது கட்டாயம் மேலானது என்று சொல்ல முடியாது, கூடுதல் விலையில் ஒரு பகுதி பெயருக்கானதே. பாலோடு குடிக்கிற வீட்டுக்கு, பிளாண்டேஷன் மூன்று பங்கு, கழுவிய ரோபஸ்டா ஒரு பங்கு என்று கலந்து, மீடியம் ரோஸ்ட்டுக்குச் சற்று மேலாக வறுத்துத் தரச் சொல்வதே என் பரிந்துரை. அராபிகாவில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு என்றால் ரோபஸ்டாவில் 2.2 விழுக்காடு அளவுக்கு இருக்கும். அதன் கசப்பும் கனமும் பாலுக்கு ஈடுகொடுக்கும். ரோபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்குவோர், பால் காபியில் அதன் வேலை என்ன என்பதைக் கவனிப்பதில்லை.

சிக்கரியைப் பற்றி இரு துருவக் கருத்துகள் நிலவுகின்றன. அது கலப்படம் என்பார் ஒருவர், அது இல்லாமல் டிகாக்ஷனே இல்லை என்பார் மற்றொருவர். குஜராத்தில் பெருமளவில் பயிராகும் ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்து அரைத்ததுதான் சிக்கரி. அதில் காஃபீன் கிடையாது. காபியைவிடத் தண்ணீரில் அதிகமாகக் கரைவதால் டிகாக்ஷனுக்கு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கிறது. ஃபில்டரில் நீர் இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. நல்ல அராபிகாவை வாங்கி அதில் 40 விழுக்காடு சிக்கரி சேர்ப்பது பணத்தை வீணாக்குவதாகும். 10 முதல் 20 விழுக்காடு வரை சேர்ப்பது ருசியைப் பொறுத்த விஷயம். கலவைப் பொடியில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும் விகிதத்தைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் நம் உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே பெரிய எழுத்தில் உள்ள பிராண்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன் சிறிய எழுத்தில் உள்ள விகிதத்தைப் படிப்பது நல்லது. சரிபாதியை நெருங்கும் அளவுக்குச் சிக்கரி சேர்ந்த பொடிகள் சட்டப்படியே விற்கப்படுகின்றன.

கடைப் பொடிக்கு இருக்கும் மிகப் பெரிய வலிமை புதுமை. வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு சில நாள்கள் வரை வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் வறுத்த அன்றைவிட நான்கைந்து நாள் கழித்துக் கொட்டை நன்றாக இருக்கும், ஒரு மாதம் வரை அந்த நிலை ஓரளவு நீடிக்கும். அரைத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பரப்பு பன்மடங்கு பெருகிக் காற்று உள்ளே புகுவதால் வாசனையின் நுட்பமான பகுதி சில மணி நேரத்திலேயே கழன்றுவிடுகிறது. பாலோடு குடிக்கும் டிகாக்ஷனுக்கு அந்த நுட்பம் அவ்வளவு தேவையில்லை என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் வைத்த பொடி பத்துப் பதினைந்து நாள் வரை குறையின்றி உழைக்கும். இருவர் நாளுக்கு இரு வேளை குடிக்கும் வீட்டில் ஒரு வேளைக்கு ஆளுக்குப் பத்து கிராம் என்று கொண்டால் 250 கிராம் ஆறு நாளில் தீர்ந்துவிடும். எனவே கிலோ கணக்கில் வாங்கி வைப்பதற்கு அவசியமே இல்லை. ஒன்றே ஒன்று: கடையைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே விற்பனை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் சாதாரணக் கடையின் பொடி, வறுக்கும் இயந்திரம் பெரும்பாலான நேரம் ஓய்ந்து கிடக்கும் பெயர்பெற்ற கடையின் பொடியைவிட நன்றாக இருக்கும்.

இனி, பால் சேர்க்காமல் குடிப்பவர்கள், அல்லது அப்படிக் குடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள். இவர்களுக்குத்தான் ஒரே தோட்டத்துக் கொட்டை என்ற வழி முழுப் பயனையும் தருகிறது. இதற்காக வெளிநாட்டுக் கொட்டையைத் தேட வேண்டியதில்லை. பாபாபுதன்கிரி, சிக்மகளூர், குடகு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய நான்கு பகுதிகளின் அராபிகாவும் வயநாட்டு ரோபஸ்டாவும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. அரக்கில் பழங்குடி விவசாயிகள் விளைவிக்கும் கொட்டைக்கு 2017இல் பாரிஸ் நகரிலேயே ஒரு கடை திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் விளைச்சல் அளவில் சிறியது. ஆனால் அதில் பெரும்பகுதி அராபிகா. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்த ஏற்காடு, மிளகுக் கொடியோடும் வாழையோடும் காபி வளரும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற பழனி மலையின் கீழ்ச்சரிவுகள், நீலகிரி, வால்பாறை ஆகிய இடங்களின் கொட்டை, பெயர் சொல்லப்படாமலே பல காலம் கலவைகளுக்குள் மறைந்து போனது. விளைந்ததையெல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு 1990களில் தளர்ந்த பிறகுதான், தோட்டத்தின் பெயரோடு கொட்டையை விற்பதற்கு வழி பிறந்தது. இன்று ஆரோவில்லிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இயங்கும் ரோஸ்டர்கள் தோட்டம், ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த நாள் ஆகிய நான்கையும் பையின் மேல் அச்சிடுகிறார்கள். ரகம் என்ற இடத்தில் எஸ்.795 என்று இருந்தால், பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, இந்திய அராபிகாத் தோட்டங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய ரகம் அது. சமநிலையான ருசி, மிகையில்லாத புளிப்பு. பழக்கமில்லாத நாக்குக்குத் தொடக்கமாக அதையே சொல்வேன்.

புளிப்பே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலபார் மான்சூன் கொட்டை ஒரு நல்ல விடை. ஐரோப்பாவுக்குப் பாய்க்கப்பலில் மாதக்கணக்காகச் சென்ற கொட்டை ஈரக் கடற்காற்றில் ஊறி நிறம் மாறிப் போய்ச் சேர்ந்ததாம். அந்த ருசிக்குப் பழகிய வாடிக்கையாளர்களுக்காக, மேற்குக் கரையில் பக்கம் திறந்த கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டையைப் பரப்பி மழைக்காற்றில் ஊறவிடும் முறை உருவாயிற்று. உப்பி, வெளிறிப் பொன்னிறமாகும் அந்தக் கொட்டையில் புளிப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பால் சேர்த்தாலும் கெடாத சில தனித்தன்மைக் கொட்டைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் கொட்டையாக வாங்கினால் அரைக்க வேண்டும். இங்கேதான் பலருடைய திட்டம் சறுக்குகிறது. சமையலறை மிக்ஸியின் பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரு பகுதி மாவாகவும் மறு பகுதி நொய்யாகவும் கிடக்கும். மாவிலிருந்து கசப்பு மிகுதியாக இறங்க, நொய்யிலிருந்து எதுவுமே சரியாக இறங்காது. இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கிச் சீரான பருமனில் தரும் பர் கிரைண்டர்தான் தேவை. கையால் சுற்றும் வகையில் சில ஆயிரம் ரூபாய்க்குத் தக்கதொன்று கிடைக்கிறது. என்னிடம் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, வீட்டுக் காபியை உயர்த்த வேண்டும் என்று கேட்டால், அதில் பாதியைக் கிரைண்டருக்கு ஒதுக்கச் சொல்வேன். இயந்திரத்துக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். அரைக்கும் உழைப்பு வேண்டாம் என்றால், எந்தப் பாத்திரத்துக்கு என்று குறிப்பிட்டு ரோஸ்டரிடமே அரைத்து வாங்கலாம். அப்போது சிறிய பையாக வாங்குவது அவசியம். ஆனால் அந்த நிலையில் கடைப் பொடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பாதியாகக் குறைந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாத்திரங்களில், நம்முடைய எவர்சில்வர் ஃபில்டருக்கு எதிராகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மின்சாரமோ காகிதமோ வேண்டாம், பத்து இருபது ஆண்டு உழைக்கும், அதன் அடர்த்தி பாலுக்கென்றே அமைந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதே குறை. அதையும் இரவே போட்டு வைத்து நீக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், காலையில் ஆறிய டிகாக்ஷனைச் சூடுபடுத்தாமல் பாலை மட்டும் கொதிக்கவிட்டு ஊற்றினால் குறை தெரியாது. ஐந்து நிமிடத்தில் வேண்டும் என்பவருக்கு இத்தாலியில் 1933இல் பியாலெட்டி கொண்டுவந்த மோகா பாட் பொருந்தும். கடைப் பொடியின் பருமன் அதற்கு ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் சிக்கரி சேர்ந்த பொடி பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கக்கூடும் என்பதால் கலவையில்லாப் பொடியையே போட வேண்டும். அலுமினிய மோகா இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்க. பால் சேர்க்காதவர்களுக்குக் காகித வடிகட்டி வைத்த கூம்போ, பொடியை நீரில் ஊறவிட்டுச் சல்லடையை அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸோ போதும். இரண்டுக்கும் 15 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் என்ற அளவில் தொடங்கலாம். கூம்பு தெளிவான ருசியைத் தரும். பிரஸ், எண்ணெய்ப்பசையும் கனமும் உள்ள காபியைத் தரும், கழுவுவதுதான் சற்றுத் தொல்லை.

எஸ்பிரெஸோ இயந்திரத்தை விரும்புவோர் அதன் முழுச் செலவையும் கணக்கிட வேண்டும். நன்றாக வடிக்க ஏறத்தாழ 9 பார் அழுத்தமும், அதற்கேற்ப மிக நுண்ணியதாக அரைத்துத் தரும் கிரைண்டரும் வேண்டும். இயந்திரத்தின் விலைக்குச் சமமாகக் கிரைண்டருக்கும் செலவாவது இயல்பு. பெட்டியின் மேல் 15 பார், 20 பார் என்று அச்சிட்டிருப்பது பம்பின் உச்ச வலிமை, காபியின் தரமன்று. கேப்ஸ்யூலைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒன்றில் ஐந்தாறு கிராம் காபிதான் இருக்கும். கிலோ விலைக்கு மாற்றிப் பார்த்தால் வேறெந்த வழியும் அவ்வளவு செலவு வைப்பதில்லை, குப்பையும் மிஞ்சுகிறது.

ஆகவே வீட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது: பால் காபி வீட்டுக்குக் கடையில் சொல்லிக் கலந்த பொடியும் ஃபில்டரும்; கறுப்புக் காபி வீட்டுக்குத் தோட்டப் பெயர் உள்ள கொட்டையும் கை கிரைண்டரும் கூம்பும். தோட்டக் கொட்டைக்கு எடைக்கு எடை இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க நேரும். வீட்டில் இரு வகையினரும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதே முறை. ஒரே கொட்டையில் இருவரையும் திருப்திப்படுத்த முயன்றால் இருவருக்கும் அரைகுறையாகவே அமையும்.

பரிசு என்று வரும்போது நாம் விரும்புவதையே கொடுக்கத் தோன்றும். அதுதான் தவிர்க்க வேண்டியது. அரைக்கும் வசதியில்லாத வீட்டுக்கு அழகான பையில் முழுக் கொட்டையை அனுப்பினால் அது அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்து வாசனை இழக்கும். அல்லது மிக்ஸிக்குப் போகும். ஃபில்டர் புழங்கும் வீட்டுக்கு மிகச் சிறந்த பரிசு, அவர்கள் வழக்கமாக வாங்கும் விகிதத்தை முன்கூட்டியே பேச்சுவாக்கில் கேட்டறிந்து, அதே விகிதத்தில், ஆனால் ஒரு படி மேலான கொட்டையில், அன்றைக்கே அரைத்த அரைக்கிலோப் பொடி. பார்வைக்கு எளிமையானது என்று தயங்கலாம். காலைக் காபியில் ஏற்படும் மாற்றத்தை அந்த வீட்டார் முதல் நாளே உணர்வார்கள். கிரைண்டர் உள்ள நண்பருக்கு, ஒரே கொட்டையில் அரைக்கிலோ கொடுப்பதைவிட, கழுவிப் பதப்படுத்திய பாபாபுதன்கிரிக் கொட்டையும் பழத்தோடு உலர்த்திய ஏற்காட்டுக் கொட்டையும் என 250 கிராம் வீதம் இரண்டாகக் கொடுப்பது மேல். இரண்டையும் அடுத்தடுத்து வடித்துப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சியும் பரிசின் பகுதியாகிறது. எந்தக் கருவியும் இல்லாதவருக்கு, குறிப்பாக விடுதியிலும் அலுவலகத்திலும் இருப்போருக்கு, கோப்பையின் விளிம்பில் மாட்டிச் சுடுநீர் ஊற்றும் டிரிப் பேக் ஏற்றது. பத்துப் பன்னிரண்டு கிராம் பொடியைத் தனித்தனியாகக் காற்று நீக்கி அடைத்திருப்பதால் சில மாதங்களுக்குத் தாங்கும். இரவுத் தூக்கம் கெடுகிறது என்று மாலைக் காபியை விட்டுவிட்ட பெரியவர்களுக்குக் காஃபீன் நீக்கிய பொடி நல்ல பரிசு. இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

புதுமனைப் புகுவிழாவுக்கும் திருமணத்துக்கும் பித்தளை ஃபில்டரும் டபரா டம்ளரும் கொடுக்கும் வழக்கம் மீண்டும் வந்திருக்கிறது. காபிக்குப் புளிப்புத் தன்மை உண்டு. ஆகையால் உட்புறம் வெள்ளீயப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், அந்தப் பூச்சையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். நாள்தோறும் புழங்குவார்கள் என்றால் கனமான எவர்சில்வர். காட்சிக்கு வைப்பார்கள் என்றால் பித்தளை. இளம் தம்பதியருக்கு இரண்டு பேருக்கான சிறிய அளவைக் கொடுப்பது நல்லது. பெரிய ஃபில்டரில் குறைந்த பொடியைப் போட்டால் படுகை மெலிந்து நீர் வேகமாக இறங்கி டிகாக்ஷன் நீர்த்துவிடும்.

பெயருக்காகவே விற்கும் இரண்டு பரிசுகளைத் தவிர்க்கச் சொல்வேன். மரநாய் தின்று கழித்த கொட்டை என்று பெருவிலைக்கு விற்கப்படும் காபிக்காக, இந்தோனேசியாவில் அந்த விலங்குகளைக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தையே ஊட்டும் கொடுமை நடப்பது பலமுறை வெளியாகியிருக்கிறது. காட்டில் பொறுக்கியது என்று சொல்லப்படுவதை வாங்குகிறவர் சரிபார்க்க வழியில்லை. ருசியிலும் அந்த விலைக்கு ஈடான மேன்மை இல்லை. ஜமைக்காவின் புளூ மவுண்டன் அப்படிப்பட்டதன்று, உண்மையிலேயே மென்மையான நல்ல காபி. ஆனால் 'புளூ மவுண்டன் கலவை' என்ற பெயரில் வருவதில் அந்த மலையின் கொட்டை எத்தனை விழுக்காடு என்று எழுதியிராவிட்டால் வாங்க வேண்டாம். பால் காபி வீட்டுக்கு அசலையும் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும் எடுத்துச் செல்வோர் பயண நாளுக்கு முந்தைய மாலையில் அரைத்து வாங்கி, ஒருவழி வால்வு உள்ள பையில் அடைத்துத் தரச் சொல்லலாம். வால்வு இல்லாத பையில் அடைத்தால், புதிதாக வறுத்த பொடி விடும் வாயுவால் பை பலூன்போல் உப்பிவிடும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடிப் பொருள்களைக் கைப்பையில் வைத்தால் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும், தடுக்கப்படவும் கூடும் என்பதால் செக்-இன் பெட்டியிலேயே வைக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரத்துக்கான பொடியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மீதியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள்; ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தால், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், பிரித்ததை மீண்டும் உள்ளே வைக்கக் கூடாது. அந்த ஊர்ப் பாலில் கொழுப்பு குறைவாக இருந்தால் இங்கே குடித்த அதே பொடி கசப்பாகத் தோன்றும். கொழுப்பு நீக்காத பாலை வாங்கச் சொல்லுங்கள், அல்லது ரோபஸ்டாவின் பங்கைக் குறைத்து அரைத்துக் கொடுங்கள்.